நிலக்கரியைப் பெட்ரோலாக்கும் நகரம்

தென்னாப்பிரிக்காவின் ஜொஹான்னஸ்பர்க் நகரிலிருந்து கிழக்கு நோக்கி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பயணம் செய்வீர்களானால், மக்காச்சோள வயல்களும் புல்வெளிகளும் பரந்து கிடக்கும் உயர்ந்த சமவெளி ஒன்றைக் காண்பீர்கள். பார்வையைத் தடுக்க மலையேதும் இல்லாத அந்நிலத்தில், ஊர் வருவதற்கு வெகு முன்னரே 301 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கி ஒன்று உங்களை வரவேற்கும். ஊரின் பெயர் செகுண்டா. இலத்தீன் மொழியில் 'இரண்டாவது' என்பது அதன் பொருள். பெயர் சூட்டியோர் அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை. சசோல் நிறுவனத்தின் முதல் ஆலை 1955 முதல் சசோல்பர்க் என்னும் ஊரில் இயங்கியது. இது இரண்டாவது, அவ்வளவுதான்!

இந்த ஊர் பிறந்த கதையில் அரபு நாடுகளுக்கும் ஈரானுக்கும் பங்குண்டு. தென்னாப்பிரிக்காவில் நிலக்கரி மலிந்து கிடக்கிறது. எண்ணெய் வளமோ மிகக் குறைவு. 1973 நவம்பரில் அரபு நாடுகள் அங்கிருந்த நிறவெறி அரசுக்கு எண்ணெய் தர மறுத்தன. மறு ஆண்டே செகுண்டா ஆலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எனினும் ஈரானின் ஷா எண்ணெயை அனுப்பிக்கொண்டே இருந்தார். 1979ஆம் ஆண்டுப் புரட்சியால் அந்த வாசலும் அடைபட்டது. உடனே, அதே இடத்தில் இன்னோர் ஆலையும் எழுப்ப முடிவாயிற்று. 1980இல் ஒன்றும் 1982இல் மற்றொன்றும் உற்பத்தியைத் தொடங்கின. உலகம் கதவடைத்தபோது அந்த அரசைத் தாங்கிய தூண்களுள் இவையும் அடங்கும். அதனால்தான் 1980 ஜூன் மாதத் தொடக்கத்தில் விடுதலைப் போராளிகள் சசோல் ஆலைகளில் குண்டு வைத்தனர். சசோல்பர்க்கில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன.

கரியிலிருந்து பெட்ரோல் எப்படி வருகிறது என்று நீங்கள் வியக்கலாம். சுரங்கத்திலிருந்து வரும் கரியில் கட்டிகளைப் பிரித்தெடுத்து, மாபெரும் எஃகுக் கலன்களில் இடுகின்றனர். தூளாக உள்ளது நீராவிக் கொதிகலன்களுக்குப் போய்விடும். கலனுக்குள் ஆக்சிஜனையும் நீராவியையும் மிகுந்த அழுத்தத்தில் செலுத்துவர். கரி முழுமையாக எரிய விடப்படுவதில்லை. அது கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. அடைத்த அறையில் கரியடுப்பு வைத்து உறங்கியோரின் உயிரைப் பறிக்கும் அதே நச்சு வாயுதான் இங்கே மூலப்பொருள்! தூய்மை செய்யப்பட்ட அவ்வாயுக் கலவை இரும்பு வினையூக்கியின் மீது பாயும்போது எண்ணெயாக இணைகிறது. ஃபிஷர், டிராப்ஷ் என்னும் விஞ்ஞானிகள் 1920களில் ஜெர்மனியில் கண்டறிந்த முறை இது. பெட்ரோல், டீசல் மட்டுமின்றி, உரத்துக்கான அம்மோனியா, பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள், மெழுகு எனப் பலவும் சசோலின் இத்தொழிலில் கிடைக்கின்றன.

ஆனால் இதற்கொரு விலையுண்டு. எண்ணெய்க்குத் தேவையான ஹைட்ரஜன் கரியில் போதுமான அளவு இல்லை. பற்றாக்குறையை நீராவியிலிருந்து பெறும்போது, கரியின் கார்பனில் பெரும்பகுதி கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. ஆலையை இயக்கும் கொதிகலன்களின் புகையும் அதனுடன் சேர்கிறது. ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கும் மேல்! உலகில் வேறெந்தத் தனியொரு தொழிற்கூடமும் இவ்வளவு வெளியிடுவதில்லை என்பர்.

கண்ணுக்குத் தெரியாத அதைவிட, மூக்குக்குத் தெரியும் கந்தகமே அண்டை வாழ் மக்களுக்குப் பெருங்கவலை. அருகேயுள்ள எம்பலென்லே கறுப்பின மக்கள் வாழும் குடியிருப்பு. அங்குள்ளோர் பலருக்கு ஆலையும் சுரங்கமுமே பிழைப்பு. குளிர்காலக் காலைகளில் மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் கவிய, ஆலைப் புகையும் மின்நிலையப் புகையும் வீட்டுக் கரியடுப்புப் புகையும் தாழவே தங்கிவிடுகின்றன. இப்பகுதி முழுவதன் காற்றும் மக்களின் அரசியல் சாசன உரிமையை மீறும் அளவுக்குக் கெட்டுள்ளதென 2022இல் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2017ஆம் ஆண்டின் அளவிலிருந்து 30 விழுக்காட்டை 2030க்குள் குறைப்பதாக நிறுவனம் உறுதி கூறியுள்ளது. கரிக்குப் பதிலாக இயற்கை எரிவாயுவைக் கூடுதலாகப் பயன்படுத்துவது அதற்கான வழிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 2004 முதல் அண்டை நாடான மொசாம்பிக்கிலிருந்து 865 கிலோமீட்டர் நீளக் குழாயில் எரிவாயு வருகிறது. அந்த ஊற்றோ இப்போது வற்றத் தொடங்கிவிட்டது.