கொலைக்கு ஒரு நந்தா விளக்கு

கல்வெட்டுப் படியெடுக்கப் பழகுகிறவனுக்கு முதலில் கிடைப்பது கழுவும் வேலைதான். எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, பாசி எல்லாம் போகும்வரை கல்லைத் தேய்க்க வேண்டும். பிறகு நனைத்த தாளைச் சுவரில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தாள் கிழியும். பயந்து தட்டினால் எழுத்துப் பதியாது. ஈரம் வற்றி வரும்போது மை ஒற்றினால் கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும். அதைப் பார்க்க இன்றும் எனக்குச் சிலிர்க்கும்.

தஞ்சை வட்டாரக் கோயில்களில் ஆசிரியர் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு நடந்து கற்றது இது. கோயில் கட்டிய ராஜாக்களைவிட, குற்றமும் தண்டனையும் பேசும் கற்கள் மேல்தான் அவருக்குப் பிடிப்பு.

கொள்ளிடத்துக்கு வடக்கே காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டைப் ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் தேடி வருவார்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் அதில் இருக்கின்றன. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில், 987 வாக்கில் வெட்டியது. கொலை எப்படி நடந்தது, யார் விசாரித்தார்கள் என்று ஒரு சொல் கிடையாது. குற்றவாளிகள் மட்டுமல்லாமல் உறவினர், பெண்ணைக் கட்டிய மருமகன்கள்வரை சொத்தை இழந்ததும், அந்த நிலம் விலைக்குப் போனதும்தான் செய்தி. “இது தீர்ப்பு இல்ல தம்பி, கிரயப் பத்திரம். பத்திரத்துக்கு வேண்டியதுதான் இதுல இருக்கும்” என்றார் ஆசிரியர். நான் கற்றதில் பெரிய பாடம் அதுதான்.

எளியவர்களின் வழக்குகள் வேறு விதம். மானுக்கு விட்ட அம்பு ஆள் மேல் பாய்ந்து உயிர் போயிருக்கும். ஊராரும் நாட்டாரும் கூடி, கொல்லும் எண்ணம் இல்லை என்று கண்டு, உயிருக்கு உயிர் வேண்டாம், கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்கட்டும் என்று முடித்திருப்பார்கள். லேசான தண்டனை இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கணக்குப்படி ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆட்டை ஏற்ற இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையில் எண்ணிக்கை குறையவே கூடாது என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’. கைத்தவறையும் வன்மத்தையும் பிரித்துப் பார்த்த அந்தச் சபைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

படியெடுத்த ஊரிலேயே படித்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது ஆசிரியரின் விதி. அப்படி ஒரு விளக்குக் கல்வெட்டை மண்டபத்தில் படித்த சாயங்காலம், நடவு முடிந்து வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: “சாமிக்கு வெளக்கு சரி. செத்தவன் பொண்டாட்டி புள்ளைக்கு என்ன குடுத்தாங்க?”

“கோயில் கல்லு கோயிலுக்கு வந்ததைத்தாம்மா எழுதியிருக்கு” என்றார் ஆசிரியர்.

“அப்ப அந்த வூட்டுக் கணக்க யாரும் எழுதலியா?”

இப்போது நான் தனியாக ஊர்களில் படிக்கிறேன். ஆட்டுக் கணக்குக்கு முன்னால், கல்லில் இருந்தால், செத்தவர் பெயரையும் ஊரையும் உரக்கப் படித்துவிடுகிறேன். அவர் வீட்டாருக்குக் கிடைத்தது இதில் இல்லை என்பதையும் சொல்கிறேன். கூட்டம் அங்கேதான் வாய் திறக்கிறது. அடிபட்டவன் வீட்டுக்கு ஒன்றும் தராமல், பஞ்சாயத்து போட்ட அபராதம் கோயில் உண்டியலுக்குப் போன கதைகளைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அவற்றையும் படியெடுத்த நாளோடு சேர்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன்.