மனசுக்குப் பட்டதும் ஆய்வு சொன்னதும்

மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயம் அவ்வப்போது தாளம் தப்பும். மருந்தால் அதை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று டாக்டர்கள் நம்பினார்கள். ஈசிஜியில் துடிப்பு சீராவதைக் கண்ணாலேயே பார்க்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? 1989இல், இந்த நம்பிக்கையைச் சோதித்த காஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. தாளத்தைச் சீராக்கும் மருந்துகளான என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு சாப்பிட்டவர்கள்தான், மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம் இறந்திருந்தார்கள். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

அதற்காக உள்ளுணர்வைத் தள்ளிவிட முடியாது. 2012இல் வெளியான பெல்ஜியம் ஆய்வொன்றில், பரிசோதனையில் பெரிதாக எதுவும் தெரியாத குழந்தைகளிடமும், "ஏதோ சரியில்லை" என்று டாக்டருக்குப் பட்டிருந்தால் கடுமையான தொற்று இருக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடியிருந்தது. அப்படிப் படுவதற்குப் பெற்றோரின் கவலையும் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே, பிள்ளையின் காய்ச்சல் எப்போதும்போல இல்லை என்று தோன்றினால், டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.