ஆமைக்குஞ்சு நடந்த பாதையில்...

எங்கள் திருச்சிக்குக் காவிரி உண்டு, கொள்ளிடம் உண்டு. கடல் மட்டும் கிடையாது. அதனால் சென்னை என்றாலே என் பையனுக்கு முதலில் ஞாபகம் வருவது கடற்கரைதான். (எனக்கும்தான். வெளியில் சொல்லிக் கொள்வதில்லை.) 2025 ஏப்ரலில் அவனுக்கு முழுப் பரீட்சை முடிந்த கையோடு, பெசன்ட் நகரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டு விட்டோம்.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு எலியட்ஸ் பீச் என்று பெயர். மெரீனா அளவுக்கு ஜன நெரிசல் இல்லை. தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் கிட்டக் கிட்ட இருப்பதால் ஒரே நடையில் இரண்டையும் தரிசித்து விடலாம். மணலில் வெள்ளையாக ஒரு வளைவு மண்டபம் நிற்கிறது. 1930-ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய்த் தன் உயிரை விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவாகக் கட்டியதாம். அதைப் பார்த்த பிறகு பையனைக் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடவில்லை நான்.

என் நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணி நல்லவர்தான், ஆனால் கறார். கடற்கரைக்குக் கிளம்பும்போதே ஒரு துணிப்பை, அதில் எவர்சில்வர் டம்ளர்கள், தூக்கில் தண்ணீர், குப்பை போட என்று தனியாக ஒரு காலிப் பை! "பீச்சுக்குப் போறோமா, கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போறோமா?" என்று என் கணவர் காதில் கிசுகிசுத்தேன்.

சாயங்காலம் மணலில் உட்கார்ந்து ஊரிலிருந்து கொண்டு போயிருந்த மணப்பாறை முறுக்கைப் பிரித்தோம். சுட்ட சோளமும் வாங்கினோம். பையன் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிக் கோட்டை கட்டினான். அண்ணி யாரோ தெரிந்தவரைப் பார்த்து எழுந்து போனார். குப்பைத் தொட்டியோ ரோட்டோரம் இருந்தது. அவ்வளவு தூரம் மணலில் நடக்க எனக்குச் சோம்பல். அண்ணியின் பையைத் தேடவும் மனசில்லை. சோளக்கட்டையையும் முறுக்குக் கவரையும் மணலுக்குள் தள்ளி மூடிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் சுத்தம்தானே! வீட்டில் பாய்க்கடியில் ஒரு தூசி பொறுக்காத நான்தான் இதைச் செய்தேன்.

சற்று நேரத்தில் வேலி போட்ட ஓர் இடத்தருகே கூட்டம் சேர்ந்தது. ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் பொரிப்பகமாம் அது. அன்று பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடப் போகிறார்கள் என்றார் அண்ணி.

இந்த ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ராத்திரி வேளையில் தாய் ஆமை கரையேறி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டுப் போய்விடும். முட்டை பொரிய ஏறத்தாழ ஒன்றரை மாதம். அதற்குள் நாய் தோண்டித் தின்னாமல் இருக்க வேண்டுமே! அதற்காகத்தான் 1988 முதல் மாணவர் குழு ஒன்று சீசனில் நடு ராத்திரி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலிலேயே நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்து வந்து பொரிப்பகத்தில் புதைக்கிறது. நாம் போட்டுவிட்டு வரும் தின்பண்ட மிச்சம்தான் நாய்களையும் காக்கைகளையும் கரைக்குக் கூட்டி வருகிறது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வருஷம் ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியிருந்தன. ஆமைக்கும் மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். இழுவலையில் சிக்கி வெளியே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்தவை அவை. அது நம் கையில் இல்லை. பாலிதீன் கவர் நம் கையில்தானே இருக்கிறது? கடலாமைகள் சொறிமீனைத் தின்னும். தண்ணீரில் மிதக்கும் கவரும் அதன் கண்ணுக்குச் சொறிமீன் மாதிரியே தெரிகிறதாம்.

குஞ்சுகளை விடுவதற்கு முன்னால் கடல் வரைக்கும் பாதை சரி செய்தார்கள். ஆளுக்கொரு பக்கம் குப்பை பொறுக்கி, பள்ளங்களை நிரவினார்கள். நம் காலடித் தடமே அந்தக் குஞ்சுக்கு ஒரு கிணறு மாதிரி என்றார்கள். என் பையன் ஓடிப் போய்த் தன் கோட்டைப் பள்ளத்தைத் தானே மூடினான். அண்ணியும் குனிந்து மணலைத் தள்ளிக் கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்தார். கையில் என் முறுக்குக் கவர்!

அதில் 'பெரிய கடை வீதி, திருச்சி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. மறைக்கவா முடியும்? அண்ணி அதைப் படித்தார்; மணலை உதறினார்; நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக் கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

பிறகு கூடையைச் சாய்த்தார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதிதான் இருக்கும், கறுப்பாக. துடுப்பு மாதிரிக் கால்களை அடித்துக் கொண்டு அவை கடலைப் பார்த்து நகர்ந்தபோது அத்தனை கூட்டமும் கப்சிப். இயற்கையில் கடல் பக்கம்தான் வானம் வெளிச்சமாக இருக்குமாம். அதை நம்பித்தான் குஞ்சு நடக்கிறது. ரோட்டு விளக்கையும் கடை விளக்கையும் பார்த்தால் திசை மாறிவிடும். டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்படியும் ஒருவர் போட்டோ எடுக்க வெளிச்சம் போட்டார். ஒரு குஞ்சு அப்படியே வட்டமடித்துத் திரும்பிற்று. என் பையன் நின்ற இடத்திலேயே, காலை எடுத்து வைக்கப் பயந்து, சிலை மாதிரி நின்றான். அலை வந்து அதை அள்ளிக் கொண்டு போன பிறகுதான் மூச்சே விட்டான்.

மறுநாளும் கடற்கரைக்குப் போனோம். எலுமிச்சை சாதம் தூக்கில், தொட்டுக் கொள்ள வறுவல் சம்புடத்தில், சாப்பிட வாழையிலை. மொத்தமே இவ்வளவுதான். திரும்பும்போது பையும் இலேசாக இருந்தது. குழந்தைகள் கிளிஞ்சல் பொறுக்கினால் உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சிலதில் குட்டி நண்டு குடியிருக்கிறது. பையன் பொறுக்கிய ஐந்தில் ஒன்று அப்படித்தான் அவன் கையிலேயே நடக்க ஆரம்பித்தது. திரும்ப விட்டுவிட்டான். பலூன் வாங்கித் தரும்படி மட்டும் அடம் பிடித்தான், நான் மசியவில்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று அண்ணி வழக்கம்போல மோர் மிளகாய் கட்டிக் கொடுத்தார். ரயிலில் பையைத் திறந்து பார்த்தேன். அதே முறுக்குக் கவர்! நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைத்து, நூல் சுற்றிக் கட்டியிருந்தார்.