கழுத்து வராத பனியன்

சேரன் எக்ஸ்பிரஸ் என்னைத் திருப்பூரில் இறக்கிவிட்டபோது இன்னும் விடியவில்லை. கையில் ஒரு பெட்டி. சட்டைப் பையில் புத்தம் புது விசிட்டிங் கார்டு: 'மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்'. அச்சடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. மை காய்ந்துவிட்டது. வயிற்றுக் கலக்கம்தான் நிற்கவில்லை.

பதினோரு வருஷம் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். விலகியபோது கிராஜுவிட்டி கொடுத்தார்கள், வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளக் கணக்கில். "இதை வெச்சு எத்தனை மாசம் வீட்டுக் கடன் கட்டலாம்?" என்றாள் மனைவி. பி.காம். படித்தவன் நான், கணக்குப் போட்டது அவள். விடை: பத்து மாசம்.

பழைய கார்டில் கம்பெனி பெயர் பெரிசு, என் பெயர் சின்னது. போன இடத்திலெல்லாம் காபி வந்தது. புதுக் கார்டில் என் பெயர்தான் பெரிசு. காபியைத்தான் காணோம்!

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஜேம்ஸ் மெக்கின்சியும் நம்ம காமர்ஸ் கோஷ்டிதான். சிகாகோவில் கணக்கியல் பேராசிரியர். 1926-ல் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். 1935-ல் மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரிய கடைக் கம்பெனியை நிர்வகிக்கப் போனார். 1937-ல் நிமோனியாவில் இறந்துபோனார். நான் வந்திருப்பது எதிர்த் திசையில்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே கொடி காத்த குமரன் நினைவிடம். 1932-ல் அடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாத மனிதர். மாசச் சம்பளத்தை விட்டதையே தியாகமாக நினைத்திருந்த நான், தலையைக் குனிந்தபடி நடந்தேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஊரையே சுற்றி வருகிறது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பல ஷெட், பல முதலாளி. நடுவே ஓயாமல் ஓடுகிறது டெம்போ.

எனக்கு வேலை கொடுத்த முதலாளி நேராக விஷயத்துக்கு வந்தார். "தைக்கறது ரொம்ப ஸ்லோங்க. கப்பலை விட்டுப்போட்டு பிளேன்ல அனுப்பறோம். லாபமெல்லாம் அதுலயே போயிருது. டெய்லருங்களை வேகப்படுத்த ஒரு வழி சொல்லுங்க."

இரண்டு நாள் ஸ்டாப் வாட்சும் கையுமாக நின்றேன். தையல்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வாட்சைப் பார்த்தேன். மூன்றாம் நாள் டீ நேரத்தில், தையல் மெஷின் பக்கத்தில் நின்று கைவேலை பார்க்கும் கைமடி அம்மா ஒருவரிடம், "ஏம்மா, எதனால லேட்டாகுது?" என்று கேட்டேன்.

"அங்க பாருங்க" என்றார். மூலையில் கழுத்தில்லாத டி-ஷர்ட்டுகள், ஆள் உயரத்துக்கு!

"உடம்புத் துணி வந்துருதுங்க. கழுத்து ரிப் சாயத்துல இருந்து வர்றதில்ல. வந்தாலும் கலர் சேராது. திரும்பப் போகும். அதுவரைக்கும் டெய்லரு சும்மாதான் உக்காந்திருக்கோணும்."

விசாரித்தேன். அந்த அம்மா சொன்னது அத்தனையும் நிஜம். உடம்புத் துணிக்கு ஒரு நாள், ரிப்புக்கு வேறொரு நாள் சாயம் போட்டால் நிறம் எப்படி ஒத்துப்போகும்? திரும்பிப் போன ரிப்புக்கு மறுபடி முறை வரவும் காத்திருக்க வேண்டும். நொய்யல் ஆறு கெட்டதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத பட்டறைகளுக்குத்தான் அனுமதி. அந்தச் செலவில் ஒரே துணிக்கு இரண்டு தடவை சாயம் போடுவது யாருக்குக் கட்டும்?

ராத்திரி லாட்ஜில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அம்பு, கட்டம், நாலு ஆங்கில வார்த்தை போட்டால் யோசனை என்னுடையதாகிவிடும். பழைய கம்பெனியில் அதைச் செய்தும் இருக்கிறேன். ஒரு கிளார்க் சொன்னதை என் கையெழுத்தில் மேலே அனுப்பினேன். இன்கிரிமென்ட் எனக்கு வந்தது. அதன் பிறகு அவர் என்னிடம் எந்த யோசனையும் சொன்னதில்லை.

ஒரே பக்கம்தான் எழுதினேன். 'உடம்பும் ரிப்பும் ஒரே லாட்டில் சாயத்துக்குப் போகட்டும். இரண்டும் வந்து, நிறம் ஒத்துப்போன பிறகு கட்டிங். கண்டுபிடித்தவர்: கைமடி அம்மா.'

படித்த முதலாளி நிமிர்ந்தார். "அப்ப உங்களுக்கு எதுக்குங்க பீஸு?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் அந்த அம்மாவையே கூப்பிட்டார். "ஏம்மா, இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலீங்களே. அவுரு கேட்டாருங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இனிமே சாயத்துல இருந்து வர்ற ரிப்பையெல்லாம் நீயே பாத்துரு" என்றார்.

"கூலி கூடுமுங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். "கூட்டணுங்க" என்றேன். அந்த ஆலோசனைக்கு மட்டும் பீஸ் வாங்கவில்லை.

மற்றதற்கான பீஸ், 10 சதவீத டி.டி.எஸ். போக, வந்து சேர்ந்தது. பத்து மாசக் கணக்கு பதினொன்றாகியது!

ரயிலுக்கு நேரம் இருந்ததால் காதர்பேட்டையில் வீட்டுக்குப் பனியன் வாங்கினேன். கடைக்காரர் கடுப்பாகிவிட்டார். பின்னே, ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுத்தும் உடம்பும் ஒரே கலரா என்று பார்த்தால்?