வெள்ளை உடுப்பும் மூன்று நாளும்

வெள்ளைப் பருத்தியில் ரத்தம் பட்டால் சுடுதண்ணீர் விடக்கூடாது. சூட்டில் ரத்தத்தின் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்த சோப்புக்கும் அசையாது. உடனே பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், கொஞ்சம் கல்லுப்பு போட்டு அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சோப்பு. கராத்தே உடுப்பைப் பராமரிக்கச் சொல்லித்தருகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். மூக்கு உடைந்தால், உதடு கிழிந்தால் என்று காரணமும் சொல்கிறார்கள். எனக்கு இதைப் பதின்மூன்று வயதில் அம்மா சொல்லித்தந்தாள். அன்று யாருடைய மூக்கும் உடைந்திருக்கவில்லை.

நாற்பத்தொன்றாவது வயதில் மகளோடு சேர்ந்து நானும் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முகூர்த்த நாட்களில் வகுப்பு கிடையாது. சுவரோரம் மடித்து அடுக்கிய மேசைகள், எப்போதும் லேசான சாம்பார் வாசனை. உடுப்புக்கு ஜப்பானியப் பெயர் 'கி', கச்சைக்கு 'ஓபி'. எங்கள் வகுப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டிரஸ், பெல்ட், அவ்வளவுதான். மாஸ்டர் தெலுங்கில் திட்டுவார், தமிழில் சமாதானம் சொல்வார், எண்ணிக்கையை மட்டும் ஜப்பானிய மொழியில் எண்ணுவார். அத்திப்பள்ளி பக்கமிருந்து வரும் பிள்ளைகள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். எல்லை ஊரில் இதெல்லாம் விசேஷமில்லை.

உடுப்பு விஷயத்தில் எங்கள் ஊரின் முதல் எதிரி தண்ணீர். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு துணியிலேயே படிந்து, வியர்வையோடு சேர்ந்து, கழுத்துப் பட்டியிலும் அக்குளிலும் மஞ்சளாகும். அதனால் ஒகேனக்கல் குடிநீர் வருகிற நாளில்தான் வெள்ளைத் துணி துவைப்பது என்று எங்கள் தெருவில் ஒரு வழக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் ஃப்ளோரைடு பாதிப்புக்காகக் கொண்டுவரப்பட்ட அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குக் கடன் தந்தது ஜப்பானிய அரசு நிறுவனம். ஜப்பான்காரர் கடனில் வந்த தண்ணீரில் ஜப்பான்காரர் உடுப்பைத் துவைக்கிறேன் என்று சொன்னபோது மகள் சிரிக்கவில்லை. இரண்டு முறை சொல்லியாயிற்று.

மஞ்சளைப் போக்குகிறேன் என்று பிளீச்சிங் பவுடரில் முக்குகிற வீடுகள் உண்டு. குளோரின் பருத்தி நூலை அரிக்கும். வியர்வைக் கறையை இன்னும் பழுப்பாக்கும். நீலம் போட்டால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். வகுப்பு முடிந்த அன்றைக்கே துவைத்துவிடுவது ஒன்றே வழி. ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்த உடுப்பு மறுநாள் கரும்புள்ளி பூக்கும். அந்தப் புள்ளி துணி கிழியும்வரை கூட வரும். சுடுதண்ணீரில் கனத்த பருத்தி சுருங்கும், ஆகவே பச்சைத் தண்ணீர். உட்புறம் வெளியே வரத் திருப்பி, உதறி, நிழலில் காயப்போட வேண்டும்.

பெல்ட்டைத் துவைக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை எல்லா வகுப்பிலும் உலவுகிறது. துவைத்தால் அதிலிருக்கிற உழைப்பு போய்விடுமாம். பழைய காலத்தில் வெள்ளை பெல்ட் ஒன்றுதான் இருந்ததாம். வருடக்கணக்கான அழுக்கும் வியர்வையும் ஏறி ஏறி அது கறுப்பானதாம். கேட்க அழகான கதை. நடந்தது வேறு. கறுப்புக் கச்சையைத் தேர்ந்தவர்களுக்கான அடையாளமாகக் கொண்டுவந்தது ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் கோடோகான் பள்ளி, 1880களில். நீண்ட கையும் காலும் வைத்த இன்றைய உடுப்பின் வடிவம் 1907 வாக்கில் அங்கேதான் வந்தது. ஒகினாவாவிலிருந்து 1922இல் கராத்தேயைத் தோக்கியோவுக்குக் கொண்டுவந்த ஃபுனாகோஷி அந்த உடுப்பையும் தர வரிசையையும் ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நம் பிள்ளைகள் பரீட்சை எழுதி வாங்குகிற வண்ணங்கள் அதற்கும் பிந்தியவை. பாரிசில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி 1930களில் பரப்பியவை. அழுக்குக்கு இந்த வரலாற்றில் இடமில்லை. சாயம் போகாமலிருக்கத் தனியாக, பச்சைத் தண்ணீரில், முறுக்கிப் பிழியாமல் அலசினால் பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. துவைக்காத பெல்ட்டிலிருந்து இடுப்பில் படர்தாமரை வந்த பையனை எனக்குத் தெரியும்.

பெண்களின் கறுப்புக் கச்சைக்கு இன்னொரு வரலாறு உண்டு. ஜப்பானிய ஜூடோவில் பெண்கள் கட்டிய கறுப்பு பெல்ட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். கறுப்புதான், ஆனால் முழுக் கறுப்பு இல்லை. கெய்கோ ஃபுகுதா 1913இல் பிறந்தவர். அவருடைய தாத்தா கானோவுக்கே ஜுஜுட்சு கற்றுத்தந்தவர்களில் ஒருவர். ஐந்தடிக்கும் குறைவான உயரம். பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் இல்லை என்பதால் அங்கேயே நிறுத்தப்பட்டிருந்தார். 1972இல்தான் அந்தக் கதவு திறந்து ஆறாம் டான் கிடைத்தது. பத்தாம் டானை அமெரிக்க அமைப்பு 2011இல் வழங்கியபோது அவருக்கு வயது 98. ரஸ்டி கனோகோகி வேறு மாதிரி. 1959இல் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் நடந்த போட்டியில் மார்பை இறுகக் கட்டி, தலைமுடியைக் குட்டையாக வெட்டி, ஆண்களோடு ஆணாக நின்று வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2009இல், அவர் இறந்த ஆண்டில், திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வெள்ளை உடுப்புக்குள் யார் இருக்கிறார்கள் என்பது பார்க்கிறவர்களுக்கு எப்போதுமே கவலையாக இருந்திருக்கிறது.

இனி மூன்று நாள் கதைக்கு வருகிறேன். நாங்கள் முதலில் போன வகுப்பில், மாதவிடாய் நாட்களில் பெண்பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. பார்வைக்குக் கருணை. நடைமுறையில், அன்று யார் யார் என்று நாற்பது பேருக்கும் தெரியும். பையன்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கால்சட்டையோடு எட்டி உதைக்கிற பயத்தில் பிள்ளைகளும் உட்காரவே விரும்பினார்கள். மாதத்தில் மூன்று நாள் போனால் ஆண்டில் ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சி போகிறது. பிறகு பெண்பிள்ளைகளுக்கு வேகம் பத்தாது என்று ஒரு முடிவும் எழுதப்படும்.

அந்த மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். கறுப்புக் கால்சட்டை போட அனுமதியுங்கள் என்று கேட்டேன்.

"மேடம், வெள்ளைன்னா தூய்மை. இது பாரம்பரியம்."

"எத்தனை வருஷப் பாரம்பரியம் மாஸ்டர்?"

"ஆயிரம் வருஷம் இருக்கும்."

நூறு வருடத்துச் சங்கதி என்று 1907ஐச் சொன்னேன். ஆசிரியத் தொழிலின் கெட்ட பழக்கம், ஆண்டோடு பேசுவது. அவர் முகம் சுருங்கியது. தூய்மை என்ற சொல்லை நான் விடவில்லை. எதற்குத் தூய்மை, யாருடைய ரத்தம் அசுத்தம், மூக்கிலிருந்து வந்தால் வீரமா என்று கேட்டேன். வாரநாள் பயிற்சிக்குக் கறுப்பு போடலாம், பெல்ட் டெஸ்டுக்கு வெள்ளைதான் என்றார். பாதி வெற்றி. அடுத்த வாரம் ஒன்பது பெண்பிள்ளைகள் கறுப்புக் கால்சட்டையில் வந்தார்கள், மூன்று நாளுக்கு மட்டுமல்ல, மாதம் முழுக்க. யாராலும் எண்ண முடியவில்லை. வெள்ளைக்குப் பேர்போன விம்பிள்டனே 2023இல்தான் பெண்கள் பாவாடைக்குள் அடர்நிற உள்கால்சட்டை போட அனுமதித்தது என்பதை அப்புறம் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது போலிருந்தது.

வகுப்பு முடியும்வரை படிக்கட்டில் காத்திருக்கிற அம்மாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெல்ட் உன் மானம், தரையில் படக்கூடாது என்று உள்ளே மாஸ்டர் பையன்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும் பையன் அந்த மானத்தை அவிழ்த்து அம்மா மடியில் எறிவான். ஒழுக்கத்தை அவன் கற்கிறான், உடுப்பை அவள் துவைக்கிறாள். உதைக்கும்போது துணி படீரென்று சத்தம் போட வேண்டும் என்பதற்காகச் சோற்றுக்கஞ்சி போட்டு விறைப்பாக்கித் தருகிற அம்மா ஒருவர் எங்கள் வகுப்பில் இருந்தார். மகன் நடுவர்களிடம் கைதட்டு வாங்கினான். எனக்கு குறுந்தொகையின் 330ஆம் பாட்டு ஞாபகம் வந்தது: பசை தோய்த்து, அடித்துத் துவைத்து, குளிர்ந்த குளத்தில் ஒரு புலைத்தி போட்ட துணி முறுக்கு அவிழாமல் கிடக்கிறது, அதைப் போன்றது பகன்றையின் வெள்ளைப் பூ என்கிறது பாட்டு. இருபது வருடமாக அதை உவமைக்காகப் பாடம் நடத்துகிறார்கள், நானும்தான். வெள்ளை யாருடையது, கை யாருடையது, அந்தக் கைக்குச் சமூகம் என்ன பெயர் வைத்தது என்று இப்போது வகுப்பில் சேர்த்துக் கேட்கிறேன். மாணவிகள் பக்கத்திலிருந்து பதில் வரும். மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள்.

வீட்டில் ஒரு விதி போட்டோம். அவரவர் உடுப்பு அவரவர் துவைப்பது. கணவரின் ஆலைச் சீருடையும் இதில் சேர்ந்ததில் அவருக்கு வருத்தம். எண்ணெய்க் கறை போக மாட்டேன் என்கிறதாம். மாடியில் என் உடுப்பு காய்வதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள், "யாருது இது, பெரிசா இருக்கு? பையன் யாரும் இல்லையே உங்களுக்கு?" என்னுது அக்கா என்றேன். கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மூன்று நாள் துணியைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டே வளர்ந்த எனக்கு, ஒரு துணியை முழுசாக விரித்துப் போடுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த போலி முகாமில் மாணவிகள் பாலியல் வன்முறைக்கு உள்ளான செய்தி வந்தது. அடுத்த மாதமே எங்கள் வகுப்பில் ஆறேழு பெண்பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அப்பாக்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மிடுக்கான பயிற்சியாளர் வேடத்தை நம்பித்தான் அந்தப் பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டார்கள். இப்போது அதே நம்பிக்கையோடு இன்னொரு சீருடையிடம் ஒப்படைக்கிறார்கள். 2021இல் சென்னையில் பள்ளிகள் பற்றிய புகார்கள் வெடித்தபோது கைதானவர்களில் ஒரு தற்காப்புக் கலைப் பயிற்சியாளரும் இருந்தார். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள், நல்லது. யூனிஃபார்ம் சுடிதாரிலேயே, துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு பழகுகிறார்கள். ஆனால் தாக்குகிறவனைப் பற்றிப் பையன்களுக்கு எந்தப் பீரியடும் இல்லை. புதிதாக வந்த அப்பாக்களிடம், வகுப்பு நடக்கும்போது கூடத்தின் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள், உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். எங்கள் கூடத்தில் தாழ்ப்பாள் இல்லை. நானே வாங்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்காட் பக்கத்து விடுதியிலிருந்து இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஆலையில் ஷிப்ட் வேலை, வேறு மாவட்டத்துப் பிள்ளைகள். ஒரு அறைக்கு ஆறு பேர். உடுப்பை நிழலில் காயவையுங்கள், பெல்ட்டைத் தனியாகத் தொங்கவிடுங்கள் என்று நான் அக்கறையாகச் சொன்னதும் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க ரூம்ல கொடியே இல்ல மேடம். அந்தக் கட்டிலுக்கும் இந்தக் கட்டிலுக்கும் நடுவுல பெல்ட்டைத்தான் கொடியா கட்டியிருக்கோம்."

மஞ்சள் பெல்ட். இரண்டே முக்கால் மீட்டர் இருக்கும். அறைத்தோழிகளுடைய நாலு சுடிதாரை ஒரே நேரத்தில் தாங்குகிறதாம்.