ஆறாம் வகுப்பில் விட்டுப்போன கணக்கு

புதிய தவணை தொடங்குங் காலங்களில் எங்கள் ஊர்ச் சந்திகளிலுள்ள மதில்களைப் பார்த்தீர்களாயின், கணித வகுப்புக்களுக்கான விளம்பரங்கள் ஒன்றன்மேலொன்றாக ஒட்டப்பட்டிருக்கக் காண்பீர்கள். தரம் ஆறு முதல் பதினொன்று வரை பாடத்திட்டம் முழுவதும் முடித்துத் தரப்படும் என்பதே அவற்றின் பொதுவான வாசகம். இவற்றைப் படித்துவிட்டு என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வரும் தாய்மார் கேட்கும் முதற் கேள்வியும் அதனையொட்டியதாகவே இருக்கும்.

"மாஸ்டர், எட்டாம் வகுப்புக்கு நீங்கள் என்னென்ன படிப்பிப்பீங்கள்?"

நேரான கேள்விதான். அதற்கு நேரான மறுமொழியும் உண்டு. முதல் ஐந்து தரங்களில் எண்ணுதல், இடப்பெறுமானம், கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு, வகுத்தல், அளவைகள், சிறிதளவு பின்னம் ஆகியவற்றைப் பிள்ளை கற்கவேண்டும். ஆறாந் தரத்திலே முதன்முறையாக எண் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எழுத்தைச் சந்திக்கின்றது. பின்னம், தசமம், விகிதம், சுட்டி, கோணம், பரப்பளவு யாவும் அவ்வாண்டிலேயே வந்து குவிகின்றன. ஏழாந் தரத்திற் பூச்சியத்திற்குக் கீழேயுள்ள எண்கள், தொடைகள், சதவீதம், சமன்பாடு. எட்டாந் தரம் பெரும்பாலும் இவற்றையே விரித்துரைப்பது, வர்க்கமூலம் புதிது. ஒன்பதிலே துவித எண்களும் பைதகரசின் தொடர்பும் சமனிலிகளும் வருகின்றன. பத்திலே மடக்கை, இருபடிக் கோவையின் காரணிகள், முக்கோணிகளின் ஒருங்கிசைவு, கூட்டல் விருத்தி. பதினொன்றிலே திரிகோணகணிதம், தாயம், வட்ட நாற்பக்கல், தொடலி என்பவற்றோடு பங்குச் சந்தைக் கணக்குங்கூட இருக்கின்றது. அதற்கும் மேலே உயர்தரத்தில் இணைந்த கணிதம். தூய கணிதம், பிரயோக கணிதம் என இரு பாடங்களாக முன்னர் இருந்தவற்றை 2000 ஆம் ஆண்டளவில் ஒன்றாக்கி இப்பெயரைச் சூட்டினார்கள்.

இவ்வளவையும் அந்தத் தாய்மாருக்கு ஒப்புவிக்க எனக்கு மூன்று நிமிடம் போதும். ஆனால், ஒப்புவித்து முடித்த பின்னரும் நான் உண்மையைச் சொல்லவில்லை என்ற எண்ணமே என் மனத்தில் நிற்கும். எட்டாந் தரப் பிள்ளைக்கு எட்டாந் தரப் பாடத்தைத்தான் படிப்பிப்பேன் என்று உறுதி கூற எனக்கு வாய் வருவதில்லை. அதற்குக் காரணமாயிருந்த ஒரு மாணவியின் கதையை இங்கே சொல்லவேண்டும். அக்கதையில் எனக்குப் பெருமை தருவது அதிகமில்லை.

2000 ஆம் ஆண்டு தைமாதத்தில் அச்சிறுமி என்னிடம் வந்தாள். பதினோராம் வகுப்பு, மார்கழியிற் சாதாரணதரச் சோதனை. அடக்கமான பிள்ளை. கொப்பியிலே கோடுகள் அடிமட்டம் வைத்து அடித்தவை. எழுத்து முத்துமுத்தாக இருக்கும். நான் கரும்பலகையில் எழுதியதெல்லாம் ஒரு புள்ளிகூடத் தவறாமல் அவள் கொப்பியில் இருக்கும். ஆனால் தானாக ஒரு கணக்கைச் செய்யச் சொன்னால் விடை பிழைத்துவிடும். அதுவும் ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு விதமாகப் பிழைக்கும். கவனக்குறைவு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அவ்வாறு முடிவு கட்டுவது ஆசிரியர்களுக்கு மிகவும் எளிது. மற்றப் பிள்ளைகளின் முன்னிலையில் நான் அவளைக் கடிந்துகொண்ட நாட்களும் உண்டு. ஏறக்குறைய ஐந்து மாதம் இப்படியே கழிந்தது.

ஒருநாள் மாலை, 1/அ என்பதுடன் 1/2அ என்பதைக் கூட்டும்படி கொடுத்திருந்தேன். அவள் 2/3அ என எழுதியிருந்தாள். விடை 3/2அ ஆகவேண்டும். வழக்கம்போற் சிவப்புப் பேனாவாற் கீறப்போன நான், ஏதோ நினைத்து, எழுத்தை நீக்கிவிட்டு எண்ணை மாத்திரம் கொடுத்தேன். "அரையும் காலும் எவ்வளவு? எழுதிக் காட்டு, பிள்ளை." அவள் தயங்காமல் எழுதினாள்: 1/2 + 1/4 = 2/6. மேலேயுள்ளதை மேலே உள்ளதோடு கூட்டி, கீழேயுள்ளதைக் கீழே உள்ளதோடு கூட்டியிருந்தாள்.

கொப்பியை மூடினேன். "அம்மா அரைக் கொத்து அரிசி போட்டவா. பிறகு ஆக்கள் வந்திட்டினம் எண்டு இன்னும் காற் கொத்துப் போட்டவா. எல்லாமாய் எவ்வளவு?"

"முக்காற் கொத்து, சேர்."

"அப்ப இதிலை என்ன எழுதியிருக்கிறாய்? ஆறிலை ரண்டு. அது அரையிலும் குறைவெல்லோ. அரிசி போடப்போடக் குறையுமோ?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இரண்டும் ஒரே கணக்கு என்பதை அவள் அன்றுவரை அறிந்திருக்கவில்லை. பின்னம் எந்த வகுப்பிற் படித்தாய் என்று கேட்டேன்.

"அது நடக்கேக்கை நாங்கள் கொடிகாமத்திலை இருந்தனாங்கள், சேர். பள்ளிக்கூடம் ஒழுங்காய் நடக்கேல்லை. திரும்பி வரேக்கை எல்லாரும் அதைப் படிச்சு முடிச்சிட்டினம்."

1995 ஐப்பசி முடிவில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்ததை நம்மிற் பலர் கண்ணாற் கண்டவர்கள். அந்த இடப்பெயர்விற் போன உயிர்களையும் வீடுகளையும் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கின்றது. ஆறாம் வகுப்புக் கணக்கும் அதிலே போயிற்று என்பதை நான் அந்த விளக்கு வெளிச்சத்திலேதான் அறிந்தேன். ஊர் திரும்பியதும் பிள்ளை வயதுக்கேற்ற வகுப்பில் அமர்ந்துகொண்டது. அடுத்த பாடம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. விட்டுப்போனதைக் கேட்பாரில்லை. கேட்கவேண்டியவர்களுள் நானும் ஒருவன்.

சோதனைக்கு ஏழு மாதமே இருந்தது. இனி என்ன செய்வது என்று எண்ணி அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பாடத்திட்டத்திற் பாதிக்குமேல் மீதி கிடந்தது. பின்னத்திற்குத் திரும்பினால் மற்றப் பிள்ளைகளின் நேரம் போகும். திரும்பாவிட்டால் இவளுக்கு எதுவுமே ஏறாது. மறுநாள் பதினோராந் தரப் புத்தகத்தை மூடிவைத்தேன். ஆறு வாரம் பின்னமும் தசமமும் விகிதமுமே நடந்தன. கடதாசியை மடித்தோம், பேணியால் அரிசி அளந்தோம், பழைய வாய்ப்பாடுகளைச் சொன்னோம். எங்கள் பாட்டன்மார் பதினாறில் ஒன்றை மாகாணி என்றும், எண்பதில் ஒன்றைக் காணி என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்றும் பெயர் சொல்லியே அழைத்தவர்கள். அரைக்காலையும் மாகாணியையும் கூட்ட அவர்களுக்குப் பேனா வேண்டியதில்லை. இந்தப் பேச்சு பாடத்திட்டத்தில் இல்லை. ஆயினும் பிள்ளைகள் அதனை விரும்பிக் கேட்டார்கள்.

ஒரு தகப்பனார் விரும்பவில்லை. "பதினோராம் வகுப்புக்கு ஆறாம் வகுப்புப் பாடமோ?" என்று கேட்டுத் தம் மகனை மறித்துக்கொண்டு போனார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று நான் இன்றுங் கூறமாட்டேன். அந்தப் பையனுக்கு உண்மையிலேயே பின்னம் நன்றாக வரும்.

அச்சிறுமி மார்கழியிற் சோதனை எழுதினாள். வட்டக் கேத்திரகணிதத்தை நாங்கள் தொடவேயில்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை; அந்த வினாக்களை அவள் அப்படியே விட்டுவிட்டாள். கிடைத்தது சாதாரண சித்தி. திறமைச் சித்தி அன்று. கணிதத்திற் சித்தி இல்லையேல் நம் நாட்டிலே மேலே செல்லும் வழிகள் பல அடைபட்டுவிடும். அவளுக்கு அவை அடைபடவில்லை. ஆயினும் முதல் ஐந்து மாதத்தை நான் வீணாக்காதிருந்திருந்தால் வட்டத்தையும் முடித்திருக்கலாம் என்பது இன்றும் என் மனத்தில் உண்டு.

அன்றுதொட்டு, எந்த வகுப்புப் பிள்ளை வந்தாலும் முதல் நாள் பத்துக் கணக்குக் கொடுப்பது என் வழக்கம். அவற்றுள் ஒன்றேனும் அந்தப் பிள்ளையின் வகுப்புக் கணக்காக இராது. 5003 இலிருந்து 1247 ஐக் கழிக்கச் சொல்வேன். நடுவிலுள்ள இரண்டு பூச்சியங்களைத் தாண்டிக் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைக்கு இடப்பெறுமானம் விளங்கவில்லை. அது நான்காந் தரத்துக் குறை. 3.5, 3.45 ஆகியவற்றுட் பெரியது எது என்று கேட்பேன். ஐந்திலும் நாற்பத்தைந்து பெரிதல்லவா என்று எண்ணி 3.45 ஐக் காட்டும் பிள்ளைகள் ஒன்பதாந் தரத்திலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஆறாந் தரத்துத் தசமம் வேண்டும். மூன்றிலிருந்து எட்டைக் கழி என்பேன். "கழிக்கேலாது" என்று சொன்னால் ஏழாந் தரம். அரையும் காலும் எவ்வளவு என்ற கணக்கும் பத்தினுள் ஒன்றாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னத்தின் மீது எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கலாம். காரணம், அது ஆறாந் தரத்தோடு நின்றுவிடுவதில்லை. விகிதமாகவும் சதவீதமாகவும் அதுவே வருகின்றது. ஒன்பதிலும் பத்திலும் அட்சரகணிதப் பின்னமாக வருகின்றது. திரிகோணகணிதத்திலே சைன், கோசைன் எனப்படுபவை ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தால் வகுத்த பின்னங்களேயன்றி வேறல்ல. உயர்தரத்திலே தொகையீடு செய்யமுடியாமல் திணறிய ஒரு மாணவன் என்னிடம் வந்தான். மிகுந்த கெட்டிக்காரன். அவனுக்குத் தடையாயிருந்தது பகுதிப் பின்னம். ஆறில் ஐந்தை அரையாகவும் மூன்றில் ஒன்றாகவும் திரும்பப் பிரிப்பது போன்ற வேலைதான் அது. கூட்டத் தெரிந்தவனுக்கே பிரிக்கத் தெரியும். அவனையும் பேணிக்கும் அரிசிக்கும் அழைத்துச் சென்றேன். பல்கலைக்கழகம் போக இருந்தவனுக்கு அது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

ஐந்தாந் தரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். புலமைப்பரிசிற் சோதனைக்காகப் பத்து வயதுப் பிள்ளைகள் மாதிரி வினாத்தாள்களை நாள்தோறும் செய்கிறார்கள். வேகம் வியக்கத்தக்கது. ஆனால், இந்த விடை எப்படி வந்தது என்று கேட்டால் அவர்களுட் பலர் விழிக்கிறார்கள். அந்த வேகம் ஆறாந் தரத்தில் ஓர் எழுத்தைக் கண்டவுடன் நின்றுவிடும். தாய்மார் அப்போதுதான், "நல்லாய்ச் செய்த பிள்ளை, மாஸ்டர், என்ன நடந்ததெண்டு தெரியேல்லை" என்று வருவார்கள். வீட்டிலே கணிதம் தெரிந்தவர் இல்லையே என அவர்கள் வருந்துவதுண்டு. பிள்ளை ஒரு கணக்கைச் செய்து முடித்ததும், "இதை எனக்கு ஒருக்காச் சொல்லித் தா" என்று கேட்கத் தாய்க்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்த இடத்திலே பிள்ளை முணுமுணுத்து விழுங்குகின்றதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னால், எனக்கு ஒரு மாத வேலை மிச்சம்.

2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றினாற் பள்ளிக்கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது எனக்குக் கொடிகாமத்து நினைவே வந்தது. இம்முறை ஊர் பெயரவில்லை. கைத்தொலைபேசியிற் பாடம் நடந்தது. தொலைபேசி இருந்த வீட்டிலும் மூன்று பிள்ளைகளுக்கு ஒன்றுதான் இருந்தது. அவ்வேளையில் மூன்றாம், நான்காந் தரங்களில் இருந்த பிள்ளைகள் பின்னர் என் விறாந்தைக்கு வந்தபோது, வாய்ப்பாடும் நெடும் வகுத்தலும் அவர்களிற் பலருக்கு இல்லை. கொப்பிகள் மட்டும் முன்னைப் போலவே துப்புரவாக இருந்தன.

அவர்களுள் ஒரு பையனை எட்டாந் தரத்திலே கொண்டுவந்து விட்டார்கள். என் பத்துக் கணக்குகளில் ஏழு பிழை. வகுத்தற் கணக்கை அவன் தொடவில்லை; ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழு நான்குக்கு மேலே போக அவனால் முடியவில்லை. இரண்டு கிழமை கழித்துத் தாயார் படலையடியில் நின்று கேட்டார்:

"மாஸ்டர், எட்டாம் வகுப்புப் புத்தகம் எப்ப துவங்குவீங்கள்?"

"ஏழாம் வாய்ப்பாடு வரட்டும், பிள்ளை."

அவருக்கு அந்த மறுமொழி பிடிக்கவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. நான் உள்ளே பார்த்தேன். பையன் விறாந்தைத் தூணிற் சாய்ந்துகொண்டு, விரலை மடித்து, ஏழு ஆறு நாற்பத்திரண்டு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.