கலம் பேணல்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருகவென்று எம்மைக் கேட்டோர், கல்வியின் பயன் பற்றியோ நம் கல்லூரியின் தொன்மை பற்றியோ நாம் எழுதுவோம் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அவை பற்றி எழுத வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. படகின் பின்புறத்தே எவர் கண்ணிலும் படாது கிடக்கும் இறப்பர்க் குழாய்களையும் கம்பி வடங்களையும் பற்றியே எழுதப் புகுந்தோம். தீவகத்திலிருந்து கடல் கடந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தோர் பலரை நம் கல்லூரி அறியும். ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

கலம் பேணுதல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிய கலையுமன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோசெஸ்டர்த் துறையை அடைந்த வரலாற்றை நம்மவர் இன்றும் பெருமையோடு சொல்லுவர். பாய்க்கப்பலின் தேய்வு பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாவது. கயிறு நைந்தாற் புரி அவிழ்ந்து காட்டும். பாய் நைந்தாற் கிழிந்து காட்டும். தண்டையல் கையாலே தடவிப் பார்த்து, வேண்டியதை மாற்றிவிடுவார். இயந்திரம் வந்தபின்னரோ தேய்வு உள்ளே ஒளிந்துகொண்டது.

இன்று நம் கடலில் மீன்பிடிக்கும் சிறு படகுகளிற் பெரும்பாலானவை வெளியிணைப்பு இயந்திரம் பூண்டவை. குறிகட்டுவானிலிருந்து பயணிகளை ஏற்றிச்செல்லும் பெரிய மோட்டார் வள்ளங்கள் உள்ளிணைப்பு இயந்திரம் கொண்டவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வகையொன்றும் உண்டு. சுவீடன் நாட்டு வொல்வோ பென்ரா நிறுவனத்தார் அதனை 1959ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகஞ் செய்தனர். இயந்திரம் படகினுள்ளே இருக்கும். சுழலியைத் தாங்கிய கால் பின்பலகைக்கு வெளியே தொங்கும். அக்கால் இருபுறமும் திரும்பும். ஆழங் குறைந்த இடத்தில் மேலே தூக்கவும்படும்.

அசையும் கால் ஒருபுறம், அசையாப் பலகை மறுபுறம். இரண்டையும் இணைக்கும் தண்டினுக்கு, துருத்திபோல் மடிப்பு மடிப்பான இறப்பர் உறையொன்று காவலாக அமைந்துள்ளது. கியர் மாற்றும் வடமும் குளிர்நீர்க் குழாயும் அவ்வழியே செல்லும். இவற்றுட் சில நீர்மட்டத்துக்குக் கீழ் உள்ளவை. உறையிற் சிறு வெடிப்புத் தோன்றினால் முதலில் உருளைத் தாங்கிகள் துருவேறிக் கெடும். வெடிப்புப் பெருகினாற் கடல்நீர் படகினுள்ளே புகும். குளிர்நீர்க் குழாய் அடைபட்டால் இயந்திரம் கொதித்து நின்றுவிடும். வடம் இறுகினாலோ, இறங்குதுறையை நெருங்கும்போது கியரை விலக்க இயலாது; படகு சென்று கல்லில் மோதும்.

எமது நண்பரொருவரின் பழைய படகு இவ்வகையினது. சோளகக் காற்று ஓய்ந்தபின் அதனைக் கரையேற்றிப் பார்த்தனர், நாமும் உடனிருந்தோம். மேலோட்டத்தில் யாவும் நன்றாகவே தோன்றின. நம் தீவகக் கடலோ ஆழங் குறைந்தது, சாதாளை மிகுந்தது. அதனாற் படகைக் கட்டிவைக்கும் காலமெல்லாம் அவர் காலைத் தூக்கியே வைத்திருந்தார். உறை மடிந்தபடியே பல மாதம் வெயிலிற் கிடந்து இறுகிவிட்டது. திருத்த வந்த இளைஞர் அதன் மடிப்பை விரலால் விரித்துக் காட்டியபோதே உள்ளிருந்த வெடிப்புக்கள் எமக்குத் தெரிந்தன. இன்னும் ஓராண்டு தாங்காதோ என்று நண்பர் தயங்கினார். “ஓடுதெண்டு விடாதேங்கோ ஐயா. கரையிலை மாத்தினால் காசோடை போகும்” என்றார் அவ்விளைஞர். அதற்குமேல் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வேலை செய்த முறை நம் மாணவர் அறியத்தக்கது. கெட்டதை மட்டும் மாற்றாது, அதனோடு ஒரே காலத்திற் பூட்டிய பிறவற்றையும் மாற்றினார். ஒன்று முதுமையடைந்தால் மற்றையவையும் அதே வயதினவே அன்றோ? பழைய வடத்தின் நீளத்தை அளந்தே புதியதை வாங்கினார். அதனைக் கூரிய வளைவின்றிக் கொண்டு சென்றார். குழாயின் முனையில் துருப்பிடியாத இறுக்குப் பட்டிகள் இரண்டிட்டார். ஈற்றிற் படகை நீரில் இறக்கிக் கயிறு அவிழ்க்காமலே இயந்திரத்தை ஓடவிட்டு, உள்ளே ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கையால் தடவிப் பார்த்தார். தண்டையலின் அதே கைதான் எமக்கு நினைவில் வந்தது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்போர், 1990களின் முற்பகுதியை நினைவு கூர்க. ஆனையிறவுப் பாதை மூடுண்டிருந்த அந்நாளில், இயந்திரம் பூட்டிய ஒரு படகு பல படகுகளைக் கயிற்றிற் கட்டி இழுக்க, மக்கள் இரவிற் கிளாலிக் கடனீரேரியைக் கடந்தனர். பல்கலைக்கழகம் புகச் சென்றோரும் நோயாளரும் அப்படகுகளில் இருந்தனர். எரிபொருளும் உதிரிப் பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்தமையால், கிடைத்ததைக் கொண்டே திருத்தினர். முன்னே செல்லும் ஒரு படகு நின்றால் பின்னே வரும் அத்தனை படகும் இருளில் நிற்கும்.

இன்று அந்நிலை இல்லை. உதிரிப் பாகம் கடையிற் கிடைக்கின்றது. ஆயினும் நெடுந்தீவுக்குப் பாலமில்லை. அங்கிருந்து குறிகட்டுவான் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். பிரசவ வேதனையில் ஒரு தாயை நள்ளிரவில் ஏற்றிவரும் படகில், அத்தாயின் உயிரும் சேயின் உயிரும் ஒரு குழாயின் உறுதியைச் சார்ந்துள்ளன. அன்று கிடையாமையாற் செய்ய இயலாததை, இன்று கிடைத்தும் செய்யாதிருத்தல் எவ்வகையிலும் பொருந்தாது.

எந்திரவியல் கற்று உயர்பதவி பெறும் மாணவர் நம் கல்லூரியிற் பலர். பெரிய பாலங்களையும் கட்டடங்களையும் அவர்கள் ஆக்குவாராக. அதனோடு, விடுமுறையில் ஒருநாள் ஊர்காவற்றுறைக்கோ குருநகருக்கோ சென்று, கரையேற்றிய படகொன்றின் பின்புறத்தே அமர்ந்து வேலை செய்வோர் அருகில் சற்று நேரம் இருந்து பார்க்குமாறும் வேண்டுகின்றோம். அங்கே கற்பதற்கு நிறைய உண்டு.